டைனோசர் சவாரியும் இரசிகர் வழக்கும்: ஒரு திறனாய்வு நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோறிடா மாநிலத்தில், டிஸ்னி நிறுவனத்துக்குரிய 'அனிமல் கிங்டம்' என்னும் பூங்காவில் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் இயங்கிவந்த 'டைனோசர்' சவாரி 2026 பெப்ரவரித் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே இடத்தில் திரைப்பட நாயகனாகிய இந்தியானா ஜோன்ஸை மையமாகக் கொண்ட சவாரியொன்று அமையவுள்ளது. நிறுவனம் இவ்வெண்ணத்தை 2023இல் குறிப்பாக வெளியிட்டது. 2024இல் உறுதியாக அறிவித்தது. அந்நாள் தொட்டுப் பூங்கா இரசிகரிடையே எழுந்த வழக்கு சவாரி மூடப்பட்ட பின்னரும் ஓயவில்லை. பழையதை விடலாகாது என்போர் ஒருபுறமும், அது எப்போதோ போயிருக்க வேண்டும் என்போர் மறுபுறமுமாக நின்று வாதிட்டனர். ஒரு களியாட்டப் பொறியின் பொருட்டு முதிர்ந்த மாந்தர் இவ்வளவு சினங்கொள்வதேன் என்று புறத்தே நிற்போர் வியத்தல் இயல்பு. ஆயினும் அவ்வழக்கினுள்ளே, கலைப்படைப்பொன்றின் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான உறவு பற்றிய பழைய வினாவே வேறு உடையில் நிற்கின்றது என்பது உற்று நோக்குவார்க்குப் புலனாகும்.

இத்தகைய படைப்புகளைத் திறனாய்வுக்குரியனவாகக் கொள்ளல் தகுமா என்ற ஐயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நன்று. கதை, நடிப்பு, ஓவியம், சிற்பம், இசை, ஒளியமைப்பு, கட்டடக்கலை ஆகிய யாவும் ஒருங்கு திரட்டப்பட்டு, ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் நுகரும் படைப்பொன்றை, அது விற்பனைப் பொருள் என்னும் காரணத்தால் மட்டும் புறக்கணித்தல் வெகுசனப் பண்பாட்டை விளங்கிக்கொள்ளும் வழியாகாது. திரைப்படமும் ஒரு காலத்தில் அவ்வாறே புறக்கணிக்கப்பட்டது. மேலும் இவ்வகைப் படைப்புக்குத் தனித்த தன்மையொன்று உண்டு. நூலொன்று மறுபதிப்புப் பெறாதொழியினும் ஏதேனுமொரு நூலகத்தில் ஒரு படி எஞ்சும். திரைப்படத்துக்குச் சுருள் எஞ்சும். சவாரியோ நின்ற இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லாதது. இடத்தை மாற்றினால் படைப்பு அற்றுப்போகும். இரசிகர் எடுத்துவைத்துள்ள ஒளிப்பதிவுகள் இருட்டையும் குலுக்கலையும் வெப்பத்தையும் பதிவுசெய்ய வல்லனவல்ல. ஆதலின் அவர்தம் சினத்தைப் பழமைப் பற்று என்று மட்டும் கூறி ஒதுக்குதல் நீதியன்று.

சவாரியின் கதை எளியது. பார்வையாளர் முதலில் 'டைனோ ஆய்வகம்' எனப்படும் கற்பனை நூதனசாலைக்குள் நுழைகின்றனர். வட்ட மண்டபமொன்றில் எலும்புக்கூடும் சுவரோவியங்களும் இருக்க, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிவியல் விளக்குநராகப் புகழ்பெற்ற பில் நையின் குரல், விண்கல் வீழ்ந்து டைனோசர்கள் அழிந்த வரலாற்றை விளக்குகின்றது. அடுத்து ஒரு திரை. அதில் பிலீசியா றஷாத் நடித்த ஆய்வகத் தலைவி, காலத்தைக் கடக்கும் ஊர்தியில் அமைதியான சுற்றுலா ஒன்றை வாக்களிக்கின்றார். அவர் அகன்றதும் அவருக்குக் கீழுள்ள அறிஞனொருவன், விதிகளை மீறிப் பார்வையாளரை விண்கல் விழும் தறுவாய்க்கே அனுப்பி, இகுவானொடொன் ஒன்றை உயிரோடு மீட்டுவரப் பணிக்கின்றான். பின்னர் பன்னிரண்டு பேர் அமரும் ஊர்தியில் மூன்றரை மணித்துளி அளவில் இருட்டினூடான ஓட்டம்: கொம்புடைய கார்னொடோரஸ் துரத்துகின்றது, வானில் கற்கள் எரிந்து வீழ்கின்றன, இறுதிக் கணத்தில் ஊர்தி நிகழ்காலத்துக்கு மீள்கின்றது. வெளியேறும் வழியிலுள்ள கண்காணிப்புத் திரைகளில், மீட்கப்பட்ட விலங்கு ஆய்வகத்தினுள் திரிவது காட்டப்படும்.

இக்கதை நின்ற இடத்தை நோக்காது கதையை மட்டும் நோக்குதல் பயன் தராது. 1998 ஏப்ரல் 22ஆந் திகதி, புவி நாளன்று, அப்பூங்கா திறக்கப்பட்டபோது அதன் தலைமை வடிவமைப்பாளரான ஜோ றோடியும் அவர் குழுவினரும் முன்வைத்த கருத்து தெளிவானது. இன்று வாழும் விலங்குகள், அழிந்தொழிந்த விலங்குகள், மனிதன் கற்பனை செய்த விலங்குகள் என்னும் மூன்றினையும் ஒரே பூங்காவில் வைத்து மனிதனுக்கும் விலங்குக்குமுள்ள உறவைச் சிந்திக்கச் செய்தலே அது. மூன்றாவது பகுதி கட்டப்படவேயில்லை. அந்நிலத்தில் 2017இல் 'அவதார்' திரைப்படத்தின் உலகு எழுந்தது. 'டைனோலாண்ட்' என்ற இரண்டாவது பகுதியோ 2025 சனவரி முதல் படிப்படியாக மூடப்பட்டு இப்போது முற்றாக அகன்றுவிட்டது. எஞ்சியிருப்பது வாழும் விலங்குகளின் பகுதி. ஆபிரிக்கப் புல்வெளியில் காண்டாமிருகத்தைக் காட்டி அதனைக் காக்க வேண்டும் என்று கூறும் பூங்காவில், காக்கப்படாதவற்றுக்கு யாது நேரும் என்பதற்குச் சான்றாக நின்றது டைனோசர் பகுதிதான். சவாரிக்கு முதலில் இடப்பட்ட பெயரும் 'அழிவை நோக்கிய எண்ணிக்கை' என்னும் பொருள் தருவதே. ஆதரவாளரின் வாதங்களுள் வலியது இதுவே எனலாம்.

ஆயினும் அவர்களிற் பெரும்பாலார் இவ்வாதத்தினும் வேறொன்றையே முன்னிறுத்தினர். திரைப்படம் எதனையும் தழுவாத, பூங்காவுக்கென்றே புனையப்பட்ட கதை இது. இத்தகைய மூலப்படைப்புகள் அருகிவரும் காலத்தில் இதனையும் திரைப்படச் சொத்துக்கு இரையாக்கலாமா என்பது அவர் வினா. இங்கு வரலாறு அவர்களுக்கு முற்றும் துணைநில்லாது. 2000ஆம் ஆண்டு டிஸ்னி வெளியிட்ட 'டைனோசர்' என்னும் திரைப்படத்தின் பெயரே சவாரிக்குச் சூட்டப்பட்டது. ஆய்வகத்தின் முன்னின்ற கொம்பு டைனோசர் சிலை நீக்கப்பட்டு, அப்படத்தின் நாயகனான இகுவானொடொன் அங்கு நிறுவப்பட்டது. குழந்தைகளைக் கருதி ஊர்தியின் ஆட்டமும் தணிக்கப்பட்டது. 'அழிவு' என்ற சொல் வாயிலிலிருந்து நீங்கியது அன்றுதான். அதாவது, 2026இல் நிகழ்ந்ததன் சிறு பதிப்பொன்று 2000இலேயே நிகழ்ந்துவிட்டது. இன்றைய இரசிகர் காக்க முனைந்தது அந்த முதல் மாற்றத்தின் பின் எஞ்சியதை. அவர்களுட் பலர் சிறுவராயிருந்து அறிந்ததும் அதனையே.

மூலத்தன்மை பற்றிய வாதத்தை இன்னொரு செய்தியும் சிக்கலாக்குகின்றது. பார்வையாளரைத் தூக்கியும் சரித்தும் குலுக்கியும் செல்லும் அந்த ஊர்திமுறை டைனோசருக்காக ஆக்கப்பட்டதன்று. 1995இல் கலிபோர்ணியாவிலுள்ள டிஸ்னிலாண்டில் திறக்கப்பட்ட இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்கே அது முதலில் உருவாக்கப்பட்டது. பாதையின் வளைவுகளும் ஏறத்தாழ அதனையே ஒத்தன. ஒரே பொறி, அங்கே உருளும் பெருங்கல், இங்கே விழும் விண்கல், அங்கே பாழடைந்த கோயில், இங்கே பண்டைக் காடு. எனவே இந்தியானா ஜோன்ஸ் டைனோசரின் இடத்தைப் பறிக்கின்றான் என்பதிலும், தன் ஊர்தியைத் திரும்பப் பெறுகின்றான் என்பதே பொருத்தம் என எதிர்த்தரப்பினர் நகைத்தனர். நகைப்பு எனினும் இதில் உண்மை உண்டு. உருவம் மாறாது நிற்க உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுதல் எளிதாய் அமைந்ததேன்? அவ்வுருவத்துக்கு உள்ளடக்கம் என்றுமே இன்றியமையாததாக இருக்கவில்லை. இருளில் விரைதல், துரத்தப்படுதல், மயிரிழையில் தப்புதல் என்பனவே அதற்கு வேண்டுவன. துரத்துவது விலங்காயினும் சரி, சாபமாயினும் சரி.

இவ்வுருவம் உள்ளடக்கத்தைக் கீழறுத்தது என்றுகூடக் கூறலாம். அழிவைப் பற்றிப் பேச வந்த சவாரி, அழிவிலிருந்து தப்புதலையே இன்பமாக்கிற்று. உலகமே எரியும் வேளையில் ஒரு விலங்கையும் பன்னிரண்டு மனிதரையும் மீட்டுவந்துவிட்டால் கதை சுபமாக முடிந்துவிடுகின்றது. மீட்கப்பட்ட விலங்கின் தேர்வும் நகைப்புக்கிடமானது. இகுவானொடொன் வாழ்ந்தது ஏறக்குறைய 125 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். விண்கல் வீழ்ந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். விண்கல்லுக்கும் நமக்குமுள்ள தொலைவு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தொலைவு இகுவானொடொனுக்கும் விண்கல்லுக்கும் இடையே உண்டு. துரத்தும் கார்னொடோரஸோ, 1985இல் ஹொசே பொனபார்ட் என்னும் அறிஞரால் ஆர்ஜென்ரீனாவிலிருந்து அறிமுகஞ்செய்யப்பட்டது; சுமார் 70 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தியது. காலமும் கண்டமும் வேறான உயிர்களை ஒரே இரவில் ஒரே காட்டில் ஓடவிடுதல் கேளிக்கையில் மன்னிக்கத்தக்கதுதான். ஆனால் நூதனசாலையின் வேடம் பூண்டு நிற்கும் ஒன்றுக்கு அம்மன்னிப்பை முழுமையாக வழங்க முடியாது.

வழக்கின் மிகக் கசப்பான பகுதி சவாரியைப் பற்றியதன்று. அதன் பக்கத்தே 2001, 2002ஆம் ஆண்டுகளில் எழுந்த 'டைனோ-றாமா' என்னும் கானிவெல் திடலைப் பற்றியது. நெடுஞ்சாலையோரத்தில் எரிபொருள் நிலையம் நடத்திய செஸ்ரர், ஹெஸ்ரர் என்னும் கற்பனை இணையர், டைனோசர் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டதும் அப்புகழைப் பயன்படுத்திப் பணம் பண்ண எண்ணி மலிவான களியாட்டத் திடலொன்றை அமைத்தனர் என்பது அதற்குப் புனையப்பட்ட கதை. தார்த் தரை, வெடிப்புகள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், சுழலும் டைனோசர்கள், பரிசுப் பந்து விளையாட்டுகள் ஆகிய யாவும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு காலத்தில் பெருகியிருந்த சாலையோரக் காட்சியிடங்களை அங்கதம் செய்தலே நோக்கம் என வடிவமைப்பை ஆதரித்தோர் விளக்கினர். அறிஞரின் ஆய்வகம் ஒருபுறமும் வணிகரின் திடல் மறுபுறமுமாக, ஒரே எலும்பை இரு வர்க்கத்தார் எவ்வாறு நோக்குவர் என்பதைக் காட்டும் முரண் அது என அவர் போற்றினர்.

கேட்பதற்கு இது சுவையான விளக்கமே. ஆனால் அங்கதம் அங்கதமாக நிற்பதற்கு, பழிக்கப்படும் பொருளினின்றும் பழிக்கும் படைப்பு தன்னைச் சற்றேனும் விலக்கிக்கொள்ளுதல் வேண்டும். மலிவைப் பழிக்க வந்த திடல் தானும் மலிவாகவே கட்டப்பட்டிருந்தது. உயர்ந்த நுழைவுக் கட்டணம் செலுத்தி, வெயிலில் தார்த் தரையில் நின்ற பெற்றோர்க்கு அது அங்கதமாகத் தோன்றவில்லை. தாம் ஏமாற்றப்பட்டதாகவே தோன்றிற்று. பரிசு விளையாட்டுகளுக்கு மேலதிகப் பணமும் அறவிடப்பட்டது என்பதைச் சேர்த்து நோக்கின், செஸ்ரரும் ஹெஸ்ரரும் உண்மையில் யார் என்ற வினா எழாமற் போகாது. அங்கிருந்த உருளைத்தொடர் சவாரி 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டதன் பின் டைனோலாண்டின் முகமே பாழ்பட்டுக் கிடந்தது. சவாரியை எதிர்த்தோரின் வெறுப்பிற் பெரும்பகுதி இத்திடல்மீது எழுந்து சவாரியையும் சுட்டது என்பதே உண்மை. எந்திர விலங்குகள் பழுதுற்றுச் செயலிழந்து நின்றமையும், பழுதை மறைக்கவோ என்று ஐயுறுமளவு இருட்டு மிகுந்திருந்தமையும் அவர்தம் குற்றச்சாட்டுக்கு மேலும் வலுவூட்டின. பேணாது விட்டுப் பின் பழுதென்று கூறி அகற்றுதல் நிறுவனங்களின் பழைய வழி என ஆதரவாளர் மறுத்துரைத்ததும் தவறன்று.

வணிகம் இப்போதுதான் புகுந்தது போற் பேசுவோர்க்கு ஒரு செய்தி. டைனோலாண்டின் தொடக்க காலப் புரவலர் மக்டொனால்ட்ஸ் நிறுவனம். சவாரிக்குச் செல்லும் வழியில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறக் குழாய்கள் மூன்றின்மேல் இரசாயனக் குறியீடுகள் எழுதப்பட்டிருந்தன. அவை முறையே தக்காளிச் சோஸ், கடுகுச் சோஸ், மயோனைஸ் என்பவற்றைக் குறிப்பன! ஆனால் அதே புரவலரும் டிஸ்னியும் துணைநின்றதாற்றான், 1990இல் தென் டக்கோட்டாவிற் கண்டெடுக்கப்பட்ட 'சூ' என்னும் ரிரனோசோரஸ் றெக்ஸ் எலும்புக்கூட்டைச் சிக்காகோவின் ஃபீல்ட் நூதனசாலை 1997இல் 83 இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்து ஏலத்தில் வாங்க முடிந்தது. அவ்வெலும்புகளுட் சிலவற்றைப் பாறையினின்றும் பிரித்துத் துப்புரவாக்கும் பணி டைனோலாண்டிலேயே பார்வையாளர் முன்னிலையில் நடைபெற்றது. களியாட்டப் பூங்காவொன்றில் உண்மையான அறிவியற் பணி நிகழ்ந்தமை அரிய செய்தி. சூவின் வார்ப்புப் படியொன்று பின்னர் சவாரியின் அருகே நின்றது.

இவ்விடத்திலேதான் இரு சாராரும் போதிய கவனஞ் செலுத்தாத ஒன்று தெரிகின்றது. டைனோலாண்டில் தனக்கென உருவம் பெற்றிருந்தது மூன்றரை மணித்துளி ஓட்டமன்று. அதற்கு முன்னிருந்த காத்திருப்பு மண்டபமும், வெளியே குழந்தைகள் மணலைத் தோண்டி எலும்பு தேடிய விளையாட்டிடமும், சூவின் எலும்புகள் துப்புரவாக்கப்பட்ட கூடமுமே. இவை வேறெந்தக் கதைக்கும் எளிதிற் பெயர்க்கவியலாதவை. மண்டபத்து இருளில் வரிசையில் நின்ற சிறுவனொருவன், ஓர் உயிரினம் முழுவதுமாக இல்லாமற்போகும் என்பதை அங்கேதான் முதன்முறை கேட்டிருப்பான். சவாரியின் அலறலில் அதனை அவன் மறந்திருக்கவும் கூடும். எனினும் சொல்லப்பட்டது அங்கேதான். இரசிகரின் இரங்கல் சவாரியின் மேலேயே குவிந்து, இம்மண்டபத்தைப் புறநடையாகவே கண்டது. உண்மையில் இழப்பு பெரிதாயிருப்பது இங்கேதான்.

இது முதன்முறையன்று. அருகிலுள்ள எப்கொட் பூங்காவில் 1982 முதல் இயங்கிய 'சக்தியின் பிரபஞ்சம்' என்னும் அரங்கிலும் டைனோசர்கள் இருந்தன. 1996க்குப் பின் அங்கும் பில் நையே விளக்குநர். அவ்வரங்கு 2017இல் மூடப்பட்டு, மார்வெல் திரைப்படமொன்றின் சவாரி 2022இல் அதனிடத்தைப் பிடித்தது. ஹொலிவூட்டிலுள்ள யூனிவேர்சல் பூங்காவில் 1996இல் தொடங்கிய 'ஜுராசிக் பார்க்' சவாரியும் 2018இல் மூடப்பட்டு அடுத்த ஆண்டு 'ஜுராசிக் வேர்ல்ட்' ஆயிற்று. ஆனால் அங்கே மாறியது படவரிசை மட்டுமே, விலங்கு நீங்கவில்லை. இங்கே நீங்கியது விலங்கு. இந்தியானா ஜோன்ஸ் 1981இற் பிறந்த பாத்திரம். 2023இல் வெளிவந்த அவனது ஐந்தாம் படம் வசூலில் ஏமாற்றமளித்தது. டைனோசரை அறியாத ஆறு வயதுக் குழந்தை உலகில் அரிது. இந்தியானா ஜோன்ஸை அறிந்த ஆறு வயதுக் குழந்தையும் அவ்வாறே அரிது. இதனை எடுத்துக்காட்டிய இரசிகர் வாதத்துக்குத் தக்க மறுமொழி கிடைக்கவில்லை. டைனோசர் எவர்க்கும் உரிமையற்ற பொதுச் சொத்து, இந்தியானா ஜோன்ஸோ 2012இல் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தோடு டிஸ்னி விலைகொடுத்து வாங்கிய உரிமை என்பதே மறுமொழியாயின், அது வணிக மறுமொழியன்றிக் கலை மறுமொழியன்று.

புதிய பகுதி வெப்பமண்டல அமெரிக்காக்களைச் சித்திரிக்கும் எனவும் 2027இல் திறக்கப்படும் எனவும் அறிவிக்கப்பட்டுள்ளது. கொலம்பியாவைக் களமாகக் கொண்ட 'என்கன்ரோ' திரைப்படச் சவாரி ஒருபுறமும், மாயர் கோயிலொன்றினுள் இந்தியானா ஜோன்ஸ் புகும் சவாரி மறுபுறமுமாக அது அமையும். இங்கு வேறோர் ஐயம் எழுகின்றது. பிறர் நாட்டுக் கோயிலுட் புகுந்து பொருளை எடுத்துவருதல் இந்நாயகனின் தொழில். அவனது இரண்டாம் படத்தின் ஒரு பகுதி 1983இல் கண்டிப் பகுதியிற் படமாக்கப்பட்டது. இந்தியக் கிராமமாகக் காட்டப்பட்ட இடத்தில் ஊரார் சிங்களம் பேசினர். இந்தியரின் உணவும் வழிபாடும் அப்படத்திற் சித்திரிக்கப்பட்ட விதத்தை இந்நாட்டவர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாயர் அழிந்தொழிந்த மக்களல்லர். மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் பல இலட்சம் பேர் மாய மொழிகளைப் பேசி வாழ்கின்றனர். அழிந்த விலங்குகளின் இடத்தில், வாழும் மக்களின் முன்னோர் கோயில் பாழிடமாக நிறுத்தப்படும்போது அவ்வேறுபாடு பேணப்படுமா என்பது டைனோசர் பற்றிய வழக்கிலும் பாரதூரமான வினா. இரசிகருள் மிகச் சிலரே இதனை எழுப்பினர்.

வழக்கிலே பெரிதும் பேசப்படாத பொருத்தமொன்றும் உண்டு. 1980இல் லூயி அல்வாரெஸும் அவர் மகன் வோல்டர் அல்வாரெஸும் அவர்தம் துணைவரும், டைனோசர்களின் முடிவுக்கு விண்கல்லே காரணம் என்ற கொள்கையை வெளியிட்டபோது கல் வீழ்ந்த இடம் தெரிந்திருக்கவில்லை. 1991இல் அது இனங்காணப்பட்டது: மெக்சிக்கோவின் யுகட்டான் குடாநாட்டில், சிக்சுலுப் என்னும் ஊரை மையமாகக் கொண்டு சுண்ணாம்புப் பாறைக்கடியிற் புதையுண்ட, ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமுள்ள பெருங்குழி. அக்குழியின் விளிம்பை ஒட்டி இன்று நிலத்தின்மேல் இயற்கைக் கிணறுகள் வளையமாக அமைந்துள்ளன. ஆறுகள் இல்லாத வட யுகட்டானில் மாயர் நீர் எடுத்ததும், தெய்வங்களுக்குக் காணிக்கை இட்டதும் இத்தகைய கிணறுகளிலேயே. வெளியேற்றப்பட்ட கதையும் அதனிடத்தில் வருகின்ற கதையும் ஒரே நிலத்துக்குரியன. புதிய சவாரியை அமைப்போர் இதனை அறிந்து ஒரு சுவரிலேனும் பொறித்து வைப்பரா என்பது 2027இற் கோயிலின் காத்திருப்பு மண்டபத்தில் நிற்போர் காணவேண்டியது.